தொங்கும் தோல் வேறு, கொழுப்பு வேறு

‘எடை குறைத்தபின் தொங்கும் தோல் உடற்பயிற்சியிலும் எண்ணெய்த் தேய்ப்பிலும் தானாக இறுகிவிடும், ஆபரேஷன் வெறும் அழகு மோகம்’ என்று எழுதியிருக்கிறீர்கள், அண்ணா. 10 கிலோ குறைத்தவருக்கு, அதுவும் இளவயதில், தோல் ஓரளவு சுருங்கலாம். 50, 60 கிலோ இறக்கியவருக்கு அது பொருந்தாது. ஆண்டுக்கணக்கில் இழுபட்ட தோலில், அதற்கு உறுதியும் நெகிழ்வும் தரும் கொலாஜன், எலாஸ்டின் என்ற புரத இழைகள் சிதைந்துவிடுகின்றன. பயிற்சி அடியிலுள்ள தசையைத்தான் வளர்க்கும்.

என் அக்காவைப் பக்கத்திலிருந்து பார்த்தவன் நான். சித்திரை வெயிலில் வயிற்று மடிப்புக்குள் பழைய வேட்டித் துணியை மடித்துச் செருகிக்கொண்டுதான் சமைப்பார். மாலையில் துணியை எடுத்தால் சொட்டச் சொட்ட ஈரம். அடியில் தோல் சிவந்து வெடித்திருக்கும். பூஞ்சைக் களிம்பு தடவினால் ஆறும், சில நாளில் புண் திரும்ப வரும். இதை மோகம் என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

லைப்போசக்‌ஷன் போதும் என்பதும் தவறு. அது கொழுப்பை உறிஞ்சும், தோலை அகற்றாது. தொங்கும் தோலை வெட்டி எடுப்பது பானிகுலெக்டமி. விலகிய வயிற்றுத் தசைகளையும் இழுத்துத் தைப்பது அப்டாமினோபிளாஸ்டி.

இது சின்ன ஆபரேஷனும் இல்லை. இடுப்பின் ஒரு பக்கத்திலிருந்து மறுபக்கம் வரை தழும்பு நிலைக்கும். நீர் கோத்தல், தையல் பிரிதல், கால் சிரையில் ரத்தம் உறைதல் எல்லாம் நேரலாம். புகைப்பவர் சில வாரங்களுக்கு முன்பே நிறுத்தியாக வேண்டும். எடை 6 மாதமாவது ஏறாமல் இறங்காமல் நின்றபிறகே பிளாஸ்டிக் சர்ஜன்கள் பொதுவாக நாள் குறிப்பார்கள்.