தைராய்டு மாத்திரைய நிறுத்திராதீங்க
ஹார்மோன் சரியா இருக்க சாப்பாடு, தூக்கம், மனசு எல்லாத்தையும் சேத்துப் பாக்கணும்னு ஒரு கட்டுரைல சொல்லிருந்தாங்க, அது ரொம்ப சரி, ஆனா அதப் படிச்சிட்டு யாரும் தைராய்டு மாத்திரைய நிறுத்திராதீங்க. எங்க நாகர்கோவில் பக்கம் நெறைய பொம்பளைங்க மாத்திரையப் போட்ட கையோட கட்டன்சாயா (பால் சேக்காத டீ) குடிக்காங்க, அப்பிடி குடிச்சா மருந்து ஒழுங்கா உடம்புல சேராது, வெறும் வயித்துல தண்ணியில போட்டுட்டு அரைமணி, ஒரு மணி நேரம் பொறுக்கணும், கால்சியம், இரும்புச்சத்து மாத்திரைன்னா 4 மணி நேரம் இடைவெளி வேணும். அப்புறம் மரச்சீனி, அதான் மரவள்ளிக் கிழங்கு. அது தைராய்டுக்கு ஆகவே ஆகாதுன்னு சும்மா பயமுறுத்துறாங்க, அயோடின் கொறஞ்சவங்களுக்குத்தான் முக்கியமா பிரச்சனை, நல்லா அவிச்சு தண்ணிய வடிச்சுட்டு கூட கடல்மீன் கறியும் வச்சு அளவா தின்னலாம், சமையலுக்கு அயோடின் உப்பு போடுங்க. மாதவிடாய் தள்ளித் தள்ளிப் போற பிள்ளைங்கள கல்யாணம் ஆனா சரியாயிரும்னு விட்டுராதீங்க, அதுக்கு தைராய்டும் காரணமா இருக்கலாம், தயவுசெஞ்சு டாக்டர்ட்ட கூட்டிட்டுப் போயி தைராய்டு ஒழுங்கா வேலை செய்யுதான்னு பாக்குற டிஎஸ்ஹெச் ரத்த டெஸ்ட் எடுத்துப் பாருங்க.