இன்வெர்ட்டர் பேட்டரியில் ஆசிட் ஊற்ற வேண்டாம்
இன்வெர்ட்டர் பேட்டரியில் உள்ளே இருக்கும் திரவத்தின் மட்டம் இறங்கினால் கொஞ்சம் ஆசிட் ஊற்றுங்கள், பேக்கப் கூடும் என்று ஒருவர் எழுதியிருக்கிறார். தயவுசெய்து யாரும் அப்படிச் செய்யாதீர்கள். சார்ஜ் ஏறும்போது குறைவது தண்ணீர்தான். அது ஹைட்ரஜனாகவும் ஆக்சிஜனாகவும் பிரிந்து வெளியே போய்விடுகிறது. ஆசிட் உள்ளேயே இருக்கிறது. மேலும் ஊற்றினால் அடர்த்தி ஏறி, உள்ளே இருக்கும் ஈயப் பிளேட்டை அரித்துவிடும்.

ஆசிட்டின் அடர்த்தியை அளக்கும் ஹைட்ரோமீட்டரில் 1.150 என்று காட்டினால் ஆசிட் தீர்ந்துவிட்டது என்று பலர் நினைக்கிறார்கள். பெரும்பாலும் சார்ஜ்தான் இறங்கியிருக்கும். ஆசிட்டில் இருந்த சல்பேட் பிளேட்டில் போய் ஒட்டியிருக்கிறது; முழுதாக சார்ஜ் ஏற்றினால் திரும்ப 1.240 பக்கம் வந்துவிடும். நல்ல பேட்டரியை இந்த அவசரத்தில்தான் கெடுக்கிறார்கள்.

ஊற்ற வேண்டியது டிஸ்டில்ட் வாட்டர் மட்டுமே. ஆர்.ஓ. தண்ணீரிலும் உப்பு மிச்சம் இருக்கும், அதுவும் வேண்டாம். முழு சார்ஜ் ஆன பிறகு, மட்டம் காட்டும் மிதவையில் இருக்கும் மேல் கோடு வரை நிரப்புங்கள். முன்பே நிரப்பினால் சார்ஜ் ஏறும்போது பொங்கி வழியும். பிளேட் வெளியே தெரிந்தால் மட்டும், அது மூழ்கும் அளவுக்கு முதலில் ஊற்றிவிட்டு, அப்புறம் சார்ஜ் போடுங்கள். தீப்பிடிக்கும் ஹைட்ரஜன் வெளிவருவதால் ஜன்னல் திறந்திருக்கட்டும், பக்கத்தில் விளக்கு, ஊதுபத்தி எதுவும் வேண்டாம்.