எழுந்திருக்காதவர்கள் வீடியோ போடுவதில்லை

அக்கா மகனுக்குப் பன்னிரண்டு வயது. போன மாதம் ஒருநாள் இரவு, எல்லோரும் படுத்த பிறகு, மெதுவாக என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தான். "சித்தி, மயக்கம் போட்டு விழுந்தா தூங்குற மாதிரிதானே இருக்கும்? கொஞ்ச நேரத்துல தானா எந்திரிச்சிடலாம்ல?" என்று கேட்டான்.

எனக்கு அடிவயிறு கலங்கிவிட்டது. "ஏன்டா கேக்குற?" என்றேன். குரல் உயர்ந்துவிட்டது போல. அவன் முகம் சுருங்கி, "சும்மாதான்" என்று எழுந்து போகப் பார்த்தான். கையைப் பிடித்து உட்காரவைத்து, திட்டமாட்டேன், கோபப்படமாட்டேன் என்று நாலு தடவை சொன்ன பிறகுதான் வாய் திறந்தான். வகுப்பில் ஒருவன் மொபைலில் காட்டியிருக்கிறான். மூச்சை நிறுத்தி மயங்கி விழுகிற சேலஞ்ச். இவன் அதுவரைக்கும் இருபது வீடியோவாவது பார்த்திருப்பான். செய்து பார்க்கவில்லை என்றான், நான் நம்புகிறேன். அப்புறம் ஒன்று சொன்னான்: "எல்லாருமே எந்திரிச்சு சிரிக்கிறாங்க சித்தி."

அந்த ஒரு வரி என்னை இன்னும் விடவில்லை. யோசித்துப் பாருங்கள், அவன் இருபது பேரைப் பார்த்தான், இருபது பேரும் எழுந்துவிட்டார்கள், ஆகவே இதில் ஆபத்து இல்லை என்று முடிவுக்கு வந்திருக்கிறான். பன்னிரண்டு வயதில் இதைவிட ஒழுங்காக யாரால் யோசிக்க முடியும்? அவன் கண்ணுக்கு வராமல் போனது ஒன்றே ஒன்றுதான். எழுந்திருக்காத பிள்ளை எழுந்து வந்து வீடியோ போடுவதில்லை. எத்தனை ஆயிரம் வீடியோ பார்த்தாலும் அத்தனையும் பிழைத்தவர்கள் போட்டதுதான்.

இந்தப் பழக்கம் ஒன்றும் புதிதில்லை. அமெரிக்காவின் நோய்க் கட்டுப்பாட்டு மையமான சிடிசி 2008-ல் ஓர் அறிக்கை வெளியிட்டது. 1995 முதல் 2007 வரை இந்த மூச்சடைப்பு விளையாட்டால் இறந்ததாகக் கருதப்படும் 6 முதல் 19 வயது வரையான பிள்ளைகளின் கணக்கு அதில் இருக்கிறது. 82 பேர். சராசரி வயது 13. பெரும்பாலும் பையன்கள். டிக்டாக், இன்ஸ்டாகிராம் எதுவும் வருவதற்கு முந்தைய கணக்கு இது, அதுவும் செய்தித்தாள்களில் வந்ததை வைத்து எண்ணியது மட்டும்தான். அதில் இரண்டு விவரங்களைப் படித்தபோது மொபைலைக் கீழே வைத்துவிட்டேன். இறக்கும்போது தனியாக இருந்தார்களா என்று தெரிந்த 70 பேரில் 67 பேர் தனியாக இருந்திருக்கிறார்கள். பெற்றோருக்கு முன்பே தெரியுமா என்ற தகவல் கிடைத்த 42 மரணங்களில், ஏறக்குறைய எல்லாப் பெற்றோருமே இப்படி ஒரு விளையாட்டு இருப்பதையே அறியாதவர்கள்.

அன்று இரவே அவனிடம் உட்கார்ந்து பேசினேன். நீதி எதுவும் சொல்லவில்லை, உடம்புக்குள் என்ன நடக்கிறது என்று மட்டும் சொன்னேன். தூங்கும்போது மூளைக்கு ரத்தமும் ஆக்சிஜனும் போய்க்கொண்டே இருக்கும். இதில் மூளைக்கு ஆக்சிஜனே போகாமல் நிற்கிறது, அதனால்தான் நினைவு தப்புகிறது. நாலைந்து நிமிடம் அப்படியே நின்றால் மூளைச் செல்கள் சாக ஆரம்பித்துவிடும், செத்தது திரும்ப முளைக்காது. "நிறுத்தணும்னு தோணினா நிறுத்திக்கலாமே?" என்றான். நிறுத்து என்று கைக்குச் சொல்வதே மூளைதான்டா, மூளை அணைந்த பிறகு கைக்கு யார் சொல்வது என்றேன். அவன் ரொம்ப நேரம் பேசவில்லை. ஆபத்து, செய்யாதே, கெட்ட பழக்கம் என்று நூறு தடவை சொல்லியிருந்தால் அவன் இப்படி யோசித்திருக்க மாட்டான். அந்த வார்த்தைகளை அவன் எல்லாவற்றுக்கும் கேட்டுக் கேட்டுப் பழகிவிட்டான்.

இந்த மாதிரி மரணச் செய்திகளுக்குக் கீழே வரும் கமெண்டுகளைத்தான் என்னால் தாங்க முடியவில்லை. "முட்டாளுக்கு இதுதான் கதி", "லைக்குக்காகச் செத்தான்" என்று எழுதுகிறோம். எழுதுவது நாற்பது, ஐம்பது வயதுக்காரர்கள். செத்தது ஒரு குழந்தை. நாமெல்லாம் அந்த வயதில் செய்யாததா? ஓடும் பஸ்ஸில் தொங்கினோம், ஆழம் தெரியாத தண்ணீரில் குதித்தோம். பக்கத்தில் நாலு பேர் நின்றார்கள், அதனால் செய்தோம். பிழைத்தது பல நேரம் அந்த நாலு பேரால்தான், ஒருவன் பயந்து கத்துவான், இன்னொருவன் சட்டையைப் பிடித்து இழுப்பான்.

இதை ஆய்வாகவே செய்து பார்த்திருக்கிறார்கள். டெம்பிள் பல்கலைக்கழகத்தில் லாரன்ஸ் ஸ்டைன்பெர்க்கும் மார்கோ கார்ட்னரும் 2005-ல் வெளியிட்ட ஆய்வில், 306 பேரைக் கம்ப்யூட்டரில் கார் ஓட்டும் விளையாட்டு விளையாட வைத்தார்கள், சிலரைத் தனியாகவும் சிலரை அவர்கள் வயதுக்காரர்கள் பக்கத்தில் இருக்கும்போதும். கூட்டாளிகள் பார்க்கும்போது பதின்வயதினர் கூடுதலாக ஆபத்தை எடுத்தார்கள். 24 வயதைத் தாண்டியவர்களுக்கு யார் பார்த்தாலும் பெரிய வித்தியாசம் இல்லை. அப்புறம் 2016-ல் கலிபோர்னியா பல்கலைக்கழகத்தின் லாஸ் ஏஞ்சல்ஸ் வளாகத்தில் 13 முதல் 18 வயது வரையான 32 பேரை ஸ்கேன் கருவிக்குள் படுக்கவைத்துப் படங்களைக் காட்டினார்கள். தாங்கள் போட்ட படத்துக்கு லைக் குவிந்திருப்பதைப் பார்த்ததும் மூளையில் மகிழ்ச்சியோடு சம்பந்தப்பட்ட பகுதி சுறுசுறுப்பானது. ஆபத்தான செயல்கள் இருக்கிற படங்களைப் பார்க்கும்போது, தன்னைக் கட்டுப்படுத்திக்கொள்ள உதவும் பகுதிகளின் வேலை குறைந்தது.

ஆக, பார்க்கிற கண்கள் இருந்தால் இந்த வயது துணிந்துவிடும். அது அந்த வயதின் இயல்பு. இப்போது என்ன ஆகிவிட்டது என்றால், பார்க்கிற கண்கள் லட்சக்கணக்கில் மொபைலுக்குள் இருக்கின்றன, அறைக்குள்ளே ஒருவரும் இல்லை. உசுப்பேற்ற ஊரே இருக்கிறது, விழுந்தால் தூக்க ஆளில்லை. கதவைச் சாத்திக்கொண்டு ஒரு குழந்தை உலகத்துக்கே காட்டுவதற்காக ஒன்றைச் செய்கிறது, அடுத்த அறையில் இருக்கும் அம்மாவுக்குத் தெரியாது.

சரி, அந்த வீடியோ அந்தக் குழந்தையிடம் எப்படி வந்து சேர்ந்தது? இதைக் கேட்கவே மாட்டேன் என்கிறோம். 2021 டிசம்பரில் அமெரிக்காவின் பென்சில்வேனியாவில் 10 வயதுச் சிறுமி ஒருத்தி பிளாக்அவுட் சேலஞ்ச் என்ற பெயரில் உலவிய இதே விஷயத்தைச் செய்து இறந்துபோனாள். டிக்டாக் தானே தேர்ந்தெடுத்து வீடியோக்களைக் காட்டும் 'ஃபார் யூ' பக்கம்தான் அந்த வீடியோவை அவளிடம் கொண்டுபோய்ச் சேர்த்தது என்று தாய் வழக்குப் போட்டார். அடுத்தவர் போட்ட பதிவுக்கு இணைய நிறுவனம் பொறுப்பில்லை என்று சொல்லும் 1996-ம் ஆண்டுச் சட்டத்தைக் காட்டி, கீழ் நீதிமன்றம் வழக்கைத் தள்ளுபடி செய்தது. 2024 ஆகஸ்டில் மேல்முறையீட்டு நீதிமன்றம் அதை மாற்றியது. வீடியோவை யார் போட்டிருந்தாலும், அதைத் தேர்ந்தெடுத்து ஒரு குழந்தையின் திரையில் கொண்டுபோய் வைப்பது நிறுவனத்தின் சொந்தச் செயல், அதற்கு அந்தச் சட்டம் கேடயம் ஆகாது என்றது. அந்தத் தீர்ப்பைப் பற்றிப் படித்தபோது எனக்கு அழுகை வந்தது. ஒரு தாய் இரண்டு வருடத்துக்கு மேல் ஓடி, 'என் பிள்ளை முட்டாள் இல்லை' என்பதை நீதிமன்றத்தில் நிரூபிக்க வேண்டியிருக்கிறது.

இத்தாலியில் 2021 ஜனவரியில் பலெர்மோ நகரத்தில் இன்னொரு 10 வயதுக் குழந்தை இறந்தபோது, அந்த நாட்டின் தனியுரிமை ஆணையம், வயது உறுதியாகாத பயனர்களின் தகவல்களைக் கையாளக்கூடாது என்று டிக்டாக்குக்கு உடனே உத்தரவு போட்டது. ஆஸ்திரேலியா 2025 டிசம்பரிலிருந்து 16 வயதுக்குக் கீழ் உள்ளவர்களுக்கு சமூக ஊடகக் கணக்கே கூடாது என்று சட்டத்தை நடைமுறைக்குக் கொண்டுவந்துவிட்டது. இதெல்லாம் வேண்டும் என்றுதான் நினைக்கிறேன். ஆனால் என் அக்கா மகனுக்குக் கணக்கு எதிலும் இல்லை, மொபைல்கூட இல்லை. அவன் பார்த்தது பக்கத்துப் பெஞ்சுக்காரன் கையில்.

பெரியவர்கள் நாம் செய்யும் இன்னொரு தப்பையும் சொல்லியாக வேண்டும், நானும் செய்தவள்தான். 2019-ல் மோமோ என்று முட்டைக்கண் பெண் பொம்மைப் படம் ஒன்று எல்லா குரூப்பிலும் வந்தது ஞாபகம் இருக்கிறதா? குழந்தைகளைத் தற்கொலைக்குத் தூண்டுகிறது, உடனே பகிருங்கள் என்று. நான் பதற்றத்தில் பதினைந்து பேருக்கு அனுப்பினேன். அது டோக்கியோவில் 2016-ல் ஒரு கலைக்கூடத்தில் வைத்திருந்த சிற்பத்தின் படம். அந்தச் சேலஞ்சால் யாருக்கும் பாதிப்பு ஏற்பட்டதாக ஆதாரம் இல்லை என்று பிரிட்டனில் குழந்தைகளுக்காக வேலை செய்யும் அமைப்புகளே சொல்லிவிட்டன. இல்லாத ஒன்றைக் காட்டி நம் பிள்ளைகளை நாமே பயமுறுத்தினோம். நிஜமாகவே பிள்ளைகளைக் கொன்றுகொண்டிருந்த ஒன்று பல வருடமாக இருந்தது, அதைப் பற்றி ஒரு ஃபார்வர்டுகூட எனக்கு வரவில்லை.

கேலி செய்வதும் அப்படித்தான். துணி துவைக்கும் டிடர்ஜென்ட் பாக்கெட்டைக் கடிக்கும் சேலஞ்ச் அமெரிக்காவில் வந்தபோது உலகமே சிரித்தது, மீம் போட்டது. அங்குள்ள விஷமுறிவு மையங்களின் கணக்குப்படி, 13 முதல் 19 வயது வரை உள்ளவர்கள் வேண்டுமென்றே அதை வாயில் போட்ட சம்பவங்கள் 2016-ல் 39, 2017-ல் 53. 2018-ல் ஜனவரி முதல் 15 நாளிலேயே 39. சிரிப்பதற்காகப் பகிர்ந்த ஒவ்வொருவரும் அதைக் கேள்விப்படாத பிள்ளைக்கும் கொண்டுபோய்ச் சேர்த்திருக்கிறோம். அதனால்தான் 'பாருங்க கொடுமையை' என்று தலைப்புப் போட்டு இந்த வீடியோக்களைத் தயவுசெய்து பகிராதீர்கள் என்று கேட்கிறேன். திட்டினாலும் பாராட்டினாலும், யாருக்கு எதைக் காட்டுவது என்று முடிவு செய்யும் அல்காரிதத்துக்கு ஒரே கணக்குதான்.

வீட்டில் பிள்ளைகள் இருப்பவர்கள் இதை மட்டுமாவது கவனியுங்கள். கழுத்தில் கோடு மாதிரித் தடம், அதை மறைக்கத் திடீரென்று காலர் வைத்த சட்டை. கண் காரணமில்லாமல் சிவந்திருப்பது. அடிக்கடி கடுமையான தலைவலி. தனியாக இருந்துவிட்டு வெளியே வரும்போது தடுமாற்றம், குழப்பம். கதவுக் கைப்பிடியிலோ கட்டிலிலோ கட்டியிருக்கும் பெல்ட், கயிறு. இவற்றில் ஒன்றைப் பார்த்தாலும் அன்றைக்கே மருத்துவரிடம் போங்கள், அடிக்காதீர்கள். மருந்துப் பெட்டியையும் எட்டாத இடத்தில் பூட்டி வையுங்கள். அலர்ஜிக்குச் சாதாரணமாகப் போடும் மாத்திரையை அளவு மீறி விழுங்கும் சேலஞ்சால் பிள்ளைகள் ஆஸ்பத்திரிக்குப் போனார்கள், இறந்துமிருக்கிறார்கள் என்று அமெரிக்க மருந்து நிர்வாகம் 2020 செப்டம்பரிலேயே எச்சரித்தது.

அன்றைக்கு அவன் கேட்டபோது நான் இன்னும் கொஞ்சம் குரலை உயர்த்தியிருந்தால் "சும்மாதான்" என்று எழுந்து போயிருப்பான். அதை நினைத்தால் இப்போதும் கை நடுங்குகிறது.

பேச்சு முடிந்து அவன் போகும்போது, வகுப்பில் யாராவது செய்து பார்த்தார்களா என்று கேட்டேன். ஒரு பெயர் சொன்னான். அந்தப் பையனின் அம்மாவை மறுநாளே போனில் கூப்பிட்டேன். எனக்குப் பழக்கமில்லாதவர்தான். பொறுமையாகக் கேட்டார், நன்றியும் சொன்னார், கடைசியில் "என் பையன் அப்படிப்பட்டவன் இல்லீங்க, நல்லாப் படிக்கிறவன்" என்று சொல்லி வைத்துவிட்டார். அதற்குப் பிறகு இரண்டு தடவை கூப்பிட்டேன், எடுக்கவில்லை. நாளைக்கு வேலைக்கு அரை நாள் விடுப்புச் சொல்லியிருக்கிறேன், பள்ளி விடும் நேரத்துக்கு வாசலில் போய் நிற்கப் போகிறேன்.