மூணாறு பெண்களின் 2015 போராட்டம்: உண்மை விளக்கம்

இடுக்கி மாவட்டம் மூணாற்றில் 2015-இல் நடந்த தேயிலைத் தோட்டப் பெண்களின் போராட்டத்தைத் தொழிற்சங்கத் தலைவர்களே நடத்தினார்கள் என்றும், அதனால் பயன் எதுவும் விளையவில்லை என்றும் பகிரப்படும் செய்தி இரு வகையிலும் தவறானது.

போனஸ் 20 சதவீதத்திலிருந்து 10 சதவீதமாகக் குறைக்கப்பட்டதை எதிர்த்து, கொழுந்து பறிக்கும் பெண்கள், அவர்களில் பெரும்பாலோர் தமிழர்கள், ‘பெம்பிளை ஒருமை’ என்று அறியப்பட்ட அணியாகத் திரண்டு, ஆதரவு தெரிவிக்க வந்த சங்கத் தலைவர்களையும் விலக்கி நிறுத்தி, ஒன்பது நாள்கள் உறுதியாக நின்றார்கள். அவர்கள் தாமே எடுத்த முடிவை வேறொருவர் கணக்கில் எழுதுவது பெரும் அநீதி.

செப்டம்பர் 13 அன்று 8.33 சதவீத போனஸும் 11.67 சதவீதக் கருணைத்தொகையும் சேர்ந்து, கேட்ட 20 சதவீதம் உறுதியாயிற்று. நிறைவேறாதது கூலிக் கோரிக்கைதான்: 500 ரூபாய் கேட்டார்கள், 232 ரூபாயாக இருந்த தினக்கூலி அடுத்த மாதம் 301 ரூபாயாக உயர்த்தப்பட்டது.