வில்லன் இல்லை, விஜயன்

ஞாயிற்றுக்கிழமை பாளையங்கோட்டை ஃபைனல்ஸ்ல மைதான வாசலில் நின்ற அந்த ஃப்ளெக்ஸை எல்லாரும் பார்த்திருப்பீர்கள். சினிமாவில் முறைத்துக்கொண்டு நிற்கிற கால்பந்து வீரர் ஐ.எம். விஜயன் படம், கீழே பெரிய எழுத்தில் 'திமிரு வில்லன்'. கால்பந்துப் போட்டிக்கு வைத்த ஃப்ளெக்ஸ் அது. அதில் ஒரு பந்து கூட இல்லை.

நான் கமிட்டிக்காரர்களிடம் சண்டைக்குப் போகவில்லை. 'அண்ணாச்சி, இது சரியில்லை' என்று சொன்னேன், அவ்வளவுதான். அதற்குக் கிடைத்த பதில், 'நடிகர்னு போட்டாத்தான் நாலு பேரு பார்ப்பான்.' இரண்டு நாளாக அது மனசை அறுக்கிறது.

திருச்சூர் மைதானத்தில் சோடா விற்ற பையன் அவர். ஒரு பாட்டிலுக்கு 10 பைசா. எந்த ஊரில் சோடா விற்றாரோ அதே ஊரில் 1990-இல் கேரள போலீஸ் அணி, இந்தியக் கிளப்களுக்கான ஃபெடரேஷன் கோப்பையை வென்றபோது அந்த அணியில் ஆடினார். அப்புறம் மோகன் பகான், ஜே.சி.டி, ஈஸ்ட் பெங்கால் என்று பெரிய கிளப்கள். கொல்கத்தாக்காரர்கள் 'கருப்பு மான்' என்று கொண்டாடினார்கள். 1999-இல் காத்மாண்டுவில் இந்தியாவுக்காக, பூட்டானுக்கு எதிராக ஆட்டம் தொடங்கி 12 விநாடியில் கோல் போட்டார். நடுவர் விசில் ஊதினார், பார்க்க வந்தவன் உட்கார இடம் தேடுவதற்குள் கோல். அந்த மனுசனுக்கு 'வில்லன்' என்ற ஒரு வார்த்தைதான் கிடைத்ததா?

இந்த ஃப்ளெக்ஸ் பற்றி முன்பு நான் போட்ட பதிவில், 'அவர் நடிகரும்தானே' என்று ஒரு தம்பி கமெண்ட் போட்டிருக்கிறார். நடிகர்தான், யார் இல்லை என்றது? 'சாந்தம்' மலையாளப் படத்தில் நடித்தார், அந்தப் படம் தேசிய விருது வாங்கியது. 'கொம்பன்', 'பிகில்' எல்லாம் நானும் பார்த்தேன். ஆனால் சினிமா அவரைத் தேடி வந்ததே அவர் கால் செய்த வேலையால்தான். 'மலையாளிக்கு நீ ஏன் துடிக்கிற' என்று கேட்டவருக்குப் பதில் சொல்லப் போவதில்லை.

நான் ஏன் துடிக்கிறேன் என்பதைச் சொல்கிறேன். எங்கள் பெரியண்ணன் மாவட்ட அணிக்கு ஆடினவன். முதல் பூட்ஸ் இரவல், இரண்டு சைஸ் பெரிது. முன்னால் பஞ்சை அடைத்துக்கொண்டு ஆடினான். பேப்பரில் வந்த விஜயன் படங்களை வெட்டி, கணக்கு நோட்டில் சோறு வைத்து ஒட்டியிருப்பான். 2006-இல் 'திமிரு' பார்க்க டவுனுக்குப் போனோம். விஜயன் திரையில் வந்ததும் அண்ணன் எழுந்து நின்றுவிட்டான். 'லே, நம்ம விஜயன்லே!' பின்னால் இருந்தவர் உட்காரச் சொல்லிச் சத்தம் போட்டார். உட்கார்ந்தான். அதற்குப் பிறகு படம் முழுக்க ஒரு வார்த்தை பேசவில்லை.

விஜயனுக்குப் பதின்ம வயதிலேயே போலீஸ் அணி கதவைத் திறந்தது. வேலை, சம்பளம், வயிறு நிறையச் சோறு. அது இல்லாவிட்டால் அந்தக் கால் என்ன ஆகியிருக்கும்? எங்கள் அண்ணன் சர்டிஃபிகேட் கட்டை எடுத்துக்கொண்டு ஏறாத ஆபீஸ் இல்லை. 'விளையாட்டுக் கோட்டா இப்போ இல்லை' என்று சொல்லி அனுப்பினார்கள். இன்று லோடு ஆட்டோ ஓட்டுகிறான். ஒரு ஃப்ளெக்ஸுக்கு இவ்வளவு பேச்சா என்று கேட்பவர்கள் கேளுங்கள். பந்து ஆடினவனைப் பந்து ஆடினவன் என்று சொல்லக்கூட நமக்கு மனசில்லை என்றால், ஊர்ப் பையன் எதை நம்பி மைதானத்துக்கு வருவான்?

2025-இல் அவருக்குப் பத்மஸ்ரீ கொடுத்தார்கள், விளையாட்டுக்காக. தில்லிக்குத் தெரிந்தது பாளையங்கோட்டைக்குத் தெரிய வேண்டாமா? மைதானத்துக்கு மைதானம் கால்பந்து ஆடுகிற ஊர் இது!

நேற்று ராத்திரி அந்த ஃப்ளெக்ஸ் போட்டோவை அண்ணனிடம் காட்டினேன். பெரிதாக்கிப் பார்த்தான். 'பந்து எங்கலே?' என்றான்.

கமிட்டி அண்ணாச்சிமார்களே, அடுத்த வருசம் ஃப்ளெக்ஸ் செலவு என்னுடையது. படமும் நானே தருகிறேன், அந்தக் கணக்கு நோட்டு இன்னும் பரணில்தான் இருக்கிறது.