நகலை நகல் என்று சொல்லி விற்கட்டும்

சனிக்கிழமை மான்செஸ்டர் ரெக்கார்ட் சந்தையில் நடந்ததை ஏற்கெனவே எழுதிவிட்டேன். அதற்கு வந்த பின்னூட்டங்களைப் படித்து இரண்டு நாளாக மனசே சரியில்லை. நகல் விற்பதை நான் குறை சொல்லவே இல்லை. நகலை ஒரிஜினல் என்று சொல்லி விற்றதைத்தான் கேட்டேன்.

கடைக்காரர் அசல் என்று வைத்திருந்த அந்த 45-ஐ, அதாவது பக்கத்துக்கு ஒரு பாட்டு உள்ள சின்ன இசைத்தட்டை, விளக்கடியில் சாய்த்துப் பார்த்தேன். பாட்டு முடிந்து லேபிள் தொடங்குவதற்கு முன் ஒரு வெற்று வளையம் இருக்குமே, தட்டின் ஜாதகம் அங்கேதான் இருக்கிறது. அந்தத் தட்டின் அசலில் பதிவு எண் சீராக முத்திரை குத்தியிருக்கும். இதிலோ ஆணியால் கீறியதுபோல் கையெழுத்து. லேபிள் எழுத்தும் விளிம்பில் கலங்கியிருந்தது. விலை 180 பவுண்டு. மெதுவாகத்தான் கேட்டேன். "வாங்க வக்கில்லை என்றால் கீழே வை" என்றார் கடைக்காரர், நாலு பேர் பார்க்க.

"பாட்டு ஒன்றுதானே அண்ணே, போனில் கேட்டுக்கொள்ளலாமே" என்கிறார் ஒரு தம்பி. நானும் போனில் கேட்பவன்தான். பாட்டு ஒன்றுதான் என்றால் 180 பவுண்டு எதற்கு? அசல் என்ற சொல்லுக்குத்தானே அந்த விலை?

நார்தர்ன் சோல், அதாவது அமெரிக்கக் கறுப்பர்களின் சோல் பாட்டுகளுக்கு வட இங்கிலாந்து ஆடிய ஆட்டம், வளர்ந்ததே திருட்டுத் தட்டுகளால்தான் என்று இன்னொருவர். அதில் கொஞ்சம் உண்மை உண்டு. 1973-ல் விகன் ஊரின் விகன் கசினோ என்ற நடனக்கூடத்தில் சோல் இரவுகள் தொடங்கி விடிய விடிய ஆடிய பிள்ளைகளுக்கு அமெரிக்கத் தட்டு எங்கே கிடைக்கும்? சரி. ஆனால் பிராங்க் வில்சன் 1965-ல் மோட்டவுன் என்ற அமெரிக்க ரெக்கார்ட் நிறுவனத்தின் 'சோல்' என்ற பிரிவுக்குப் பாடிய தட்டை நினைத்துப் பாருங்கள். வெளியீட்டை நிறுத்தி, அடித்த பிரதிகளையும் அழித்துவிட்டார்கள். தப்பியவை விரல்விட்டு எண்ணக்கூடியவை. அதில் ஒன்று 2009-ல் 25,742 பவுண்டுக்குப் போனது. அதே பாட்டின் திருட்டுத் தட்டு எழுபதுகளில் வந்தபோது லேபிளில் இருந்தது எடி ஃபாஸ்டர் என்ற வேறொரு பாடகரின் பெயர். பாடிய மனிதனுக்குப் பெயர்கூட மிஞ்சவில்லை. இதையா வளர்ச்சிக் கணக்கில் எழுதச் சொல்கிறீர்கள்?

நானும் ஏமாந்தவன்தான். இந்த ஊருக்கு வந்த புதிதில், கிடங்கில் இரவு வேலை பார்த்த காசில் 40 பவுண்டு கொடுத்து ஒன்று வாங்கினேன். கூட வேலை பார்த்த பெரியவர், பதினேழு வயதில் விகனில் ஆடியவர். அவரிடம் பெருமையாகக் காட்டினேன். வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "நல்ல பாட்டு" என்று மட்டும் சொல்லிக் கையில் கொடுத்தார். ஒரு வாரம் கழித்துத் தேநீர் இடைவேளையில், என் மனம் நோகாமல், அந்த வளையத்தை எப்படிப் படிப்பது என்று சொல்லிக்கொடுத்தார். சனிக்கிழமை என் பக்கத்தில் அவர் இல்லையே என்றுதான் இருந்தது.

"அவங்க இசைக்கு நீ என்ன காவல்காரனா" என்று கேட்டது நம் ஆள்தான். அதுதான் அதிகம் வலித்தது. யார் இசை? டெட்ராய்ட்டிலும் சிகாகோவிலும் கறுப்பர்கள் பாடினார்கள், அவர்கள் ஊரிலேயே விலை போகாத தட்டுகளுக்கு லங்காஷயர் ஆலைத் தொழிலாளிகள் ஆடினார்கள். இதில் எனக்கு மட்டும் இடம் இல்லையா? பதிமூன்று வருடமாகச் சாப்பாட்டுக் காசை மிச்சம் பிடித்துச் சேர்த்தவன் நான்.

அந்த 40 பவுண்டு தட்டு இன்னும் என்னிடம் இருக்கிறது. காகித உறையில் பென்சிலால் 'நகல்' என்று எழுதிவைத்திருக்கிறேன். வீட்டுக்கு யார் வந்தாலும் அதைச் சொல்லிவிட்டுத்தான் ஊசியை வைப்பேன்.

அடுத்த மாதச் சந்தைக்கும் போவேன். அந்தத் தட்டு அதே மேசையில் இருந்தால் மறுபடியும் கேட்பேன்.