தாரின் தடிமன் மட்டுமே காரணம் அல்ல

சாலைகள் சீக்கிரம் பெயர்வதற்கு மேலே போடும் தார் அடுக்கு மெலிந்திருப்பதே காரணம் என்று சாலைப் பழுது பற்றி நான் படித்த ஒரு கட்டுரை சொல்கிறது. அது பாதி உண்மைதான். சக்கரத்தின் பாரத்தைத் தார் அடுக்கு முதலில் வாங்கிக்கொண்டாலும், அதை அகலமாகப் பரப்பி, கீழே உள்ள மண் தாங்கக்கூடிய அளவுக்குக் குறைத்துக் கொடுப்பதில் ஜல்லி அடித்தளத்துக்கே பெரும் பங்கு உண்டு. அந்த மண்ணின் வலிமையை அளக்க, கலிபோர்னியாவில் உருவான சி.பி.ஆர். சோதனை (மண்ணின் தாங்குதிறனைத் தரமான உடைகல் ஜல்லியோடு ஒப்பிட்டுச் சதவீதமாகச் சொல்வது) இன்றும் பயன்படுகிறது. காய்ந்திருக்கையில் கல்லாக நிற்கும் களிமண் ஈரத்தில் குழைந்து 2, 3 சதவீத மதிப்புக்கு இறங்கிவிடக்கூடும் என்பதால், மாதிரியை வழக்கமாக 4 நாட்கள் நீரில் ஊறவைத்த பிறகே சோதிக்கிறார்கள்.

என்னைக் கேட்டால், தண்ணீர்தான் சாலையின் முதல் எதிரி. விரிசல் வழியே இறங்கும் நீர் வடிய வழியில்லாமல் ஜல்லிக்குள் தேங்கினால், ஒவ்வொரு லாரி கடக்கும்போதும் அழுத்தம் ஏறி, நுண்மண் சேறாக மேலே பீச்சப்படுகிறது. மழை விட்ட பின் விரிசல் ஓரங்களில் வெளிறிய கறையாகப் படிந்திருப்பது பெரும்பாலும் அந்த மண்தான். சக்கரத் தடத்தில் முதலைத் தோல் போல வலைவலையாக வெடித்திருக்கும் இடத்தில், மீண்டும் தார் போடுவதற்கு முன் ஒரு குழி தோண்டி, அடித்தளத்தின் தடிமனையும் மண்ணின் ஈரத்தையும் பார்ப்பது அவசியம் என்பதைக் கட்டுரையாளர் சேர்த்திருக்க வேண்டும்.